மூன்று சாவிக்கும் திறக்காத கதவு

அந்தக் கூச்சலுக்கு நான்தான் காரணம், மன்னித்துக்கொள்ளுங்கள். பாதி தைத்த ஜாக்கெட்டும் கையுமாக நீங்கள் ஓடிவந்ததைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. உங்கள் எதிர் வீட்டுக் கதவில் மூன்று தடவை தப்பு நம்பர் அழுத்தினால் மாடி முழுக்கக் கேட்கும்படி கத்துமாம். இதற்குப் பேர் பூட்டா? என் அப்பா திண்டுக்கல்லில் நாற்பது வருஷம் பூட்டுக்கடை வைத்திருந்தார். தப்புச் சாவி போட்டால் அந்தப் பூட்டுகள் திறக்காது, அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு தொங்கும். ஊரைக் கூட்டி வைத்து மனுஷியின் மானத்தை வாங்காது.

இங்கே உட்காரலாமா? நாற்காலியில் துணி கிடக்கிறதே. பரவாயில்லை, நானே மடித்து வைக்கிறேன். வேண்டாமா? அளவு ஜாக்கெட்டா? அளவு ஜாக்கெட்டை மடித்தால் அளவு மாறிவிடுமா என்ன?

நான் எதிர் வீட்டு இந்துஜாவின் அம்மா. ஜெயகௌரி. திருச்சியிலிருந்து வருகிறேன். சொல்லியிருப்பாளே? இல்லையா. சரி. அவள் உங்களைப் பற்றியும் என்னிடம் சொன்னதில்லை. தேன்மொழி என்று பெல் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டேன். நீங்கள் போன் போட்டதும் ரெண்டாவது ரிங்கிலேயே எடுத்து, "சொல்லுங்க தேனு அக்கா" என்றாளே, அது எனக்கும் கேட்டது. நான் காலையிலிருந்து பதினோரு தடவை போட்டேன். மீட்டிங்காம். உங்களுக்கு மட்டும் மீட்டிங்கில் ஓட்டை விழுகிறது.

என்ன சொன்னாள்? முடித்துவிட்டுக் கூப்பிடுகிறாளா? அதுவரை என்னை இங்கே உட்கார வைக்கச் சொன்னாளா? உட்கார்ந்துவிட்டேன். வேறென்ன செய்வது.

ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, உங்களிடம் சொல்கிறேன். ஆறு மாசமாக என் மகள் என்னிடம் பேசவில்லை. ஐந்து மாசம் முழுகாமல் இருக்கிறாள் என்பதையே போன வாரம்தான் இன்னொருத்தி வாயால் கேட்டேன். சரி, இவள் கூப்பிட்டு நான் போவதாக இருந்தால் குழந்தை காலேஜ் முடித்துவிடும் என்று கிளம்பி வந்துவிட்டேன். என்னை உள்ளே விடுகிறாளா, திரும்ப பஸ் ஏற்றுகிறாளா, ரெண்டில் ஒன்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

காபியா? கொடுங்கள். சர்க்கரை அரை ஸ்பூன். ... ஒன்றரை போட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, குடிக்கிறேன்.

ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லையே நீங்கள். நாகரிகம். ஆனால் கேட்கத்தான் நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. இதோ பாருங்கள், இதனால்தான்.

மூன்று சாவி. பெரியது தொங்குபூட்டுக்கு, நடுவில் இருப்பது பீரோவுக்கு, சின்னது மேஜை டிராயர், சூட்கேஸ் வகையறாவுக்கு. சாவியைத் தொலைத்துவிட்டுப் பூட்டும் கையுமாக வந்து நிற்கிற ஜனங்களுக்காக அப்பா கடையில் வைத்திருந்தது. பல்லில் முக்கால்வாசியை அரத்தால் ராவி எடுத்துவிடுவார்கள். உள்ளே இருப்பதை நெட்டித் தள்ளுகிற ஒரு பல் மட்டும் பாக்கி இருக்கும். மலிவுப் பூட்டு எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே சமாசாரம்தான். மேலேதான் யானை, தாமரை, கோபுரம் என்று விதவிதமாகப் படம். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் தங்கள் பூட்டு மட்டும் என்னவோ தனிப்பிறவி என்கிற நினைப்பில் போவார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது பத்து வயசு. ஜனங்களைப் பற்றிய என் அபிப்பிராயம் அப்போதே ஏற்பட்டுவிட்டது, அப்புறம் மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அப்பாவின் டிராயரிலிருந்து எடுத்துக்கொண்டேன். திருடவில்லை. எல்லாரும் நகை கொண்டு போவார்கள், நான் இதைக் கொண்டுபோனேன். டிராயர் பூட்டியிருந்தது என்பது வேறு விஷயம். அதற்குக் கொண்டை ஊசியே போதும்.

இந்த டப்பாவில் என்ன, ஹூக்கும் பட்டனும் ஒன்றாகக் கிடக்கிறதே. எப்படித்தான் தேடி எடுக்கிறீர்களோ. நீங்கள் தையுங்கள், நான் பேசிக்கொண்டே பிரித்து வைக்கிறேன். எனக்குச் சும்மா உட்கார வராது. கான்வென்ட்டில் அப்படி வளர்த்துவிட்டார்கள்.

எங்கள் வகுப்பில் நாற்பது பேருக்கும் மூடி போட்ட டெஸ்க். ஒவ்வொருத்தியும் தன் டெஸ்க்கைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவாள், பெரிய ரகசியம் மாதிரி. சிஸ்டர் பெர்னடின் ஒரே ஒரு சாவி வைத்திருந்தார், நாற்பதையும் திறப்பதற்கு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எல்லாரும் விளையாடப் போனதும் அந்தச் சாவியை என் கையில்தான் கொடுப்பார். நான் லீடர். எந்த டெஸ்க்கில் மாங்காய், எதில் சினிமாப் புஸ்தகம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ரோஸ்லி என்று ஒருத்தி, எதிர் ஸ்கூல் பையனுக்கு லெட்டர் எழுதி வைத்திருந்தாள். இங்கிலீஷா அது! நான் காட்டிக்கொடுக்கவில்லை. சிவப்பு மையால் ஏழு இடத்தில் திருத்தி, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அந்தச் சிவப்பு மைதான் சிஸ்டர் கண்ணில் பட்டது. அதற்கு நான் என்ன செய்வேன்? ரோஸ்லியை வேறு ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள். லெட்டரைத் திருத்தினதற்கு ஒரு தேங்க்ஸ் கூட இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

சொர்ணலதா என்று எனக்கு ஓர் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. கரூரில் இருக்கிறாள். நல்லவள்தான். நல்லவள் என்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியும் கிடையாது. போன ஆவணியில் அவள் மகள் சுபிக்ஷாவுக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்கு நான் பெரியம்மா. வீட்டுக்கு மூத்த மருமகள். உக்கிராணச் சாவி யாரிடம் வர வேண்டும், சொல்லுங்கள்.

உக்கிராணம் உங்களுக்குத் தெரியும்தானே, மண்டபத்தில் தேங்காய், வெற்றிலை, சர்க்கரை, சீர்ச்சாமான் எல்லாம் வைத்துப் பூட்டுகிற அறை. அந்தச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ, அவள் கையில்தான் கல்யாணம். தாம்பூலப் பை குறைந்தால் அவளைத்தான் தேடுவார்கள். சம்பந்திக்குக் காபிப் பொடி வேண்டுமென்றாலும் அவள்தான். சொர்ணம் என்ன செய்தாள்? அந்தச் சாவியை ஊக்கில் கோர்த்துத் தன் இடுப்பிலேயே மாட்டிக்கொண்டாள். மணப்பெண்ணின் அம்மா! அவளுக்கு அன்றைக்கு மூச்சு விட நேரம் இருக்குமா?

என்னிடம் வந்து குழைகிறாள். "அக்கா, நீங்க வாசல்ல நில்லுங்கக்கா. மாப்பிள்ளை வீட்ல எல்லாம் பெரிய வேலையில இருக்கறவங்க. நீங்கன்னா இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசுவீங்க."

அதாவது என்னைப் பன்னீர் தெளிக்க நிறுத்திவிட்டாள். மூத்த மருமகள், கையில் பன்னீர்ச் சொம்பு. வந்தவர்களில் ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியவில்லை என்பது தனி.

முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். பாட்டுக் கச்சேரி என்ற பெயரில் காதைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த உக்கிராண அறைப் பக்கம் போனேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். பெரிய சாவி. ஒரு திருப்பு. உள்ளே பார்த்தால், அம்மாடி, வெற்றிலைக்கட்டுக்கு மேல் சர்க்கரை மூட்டை! தேங்காய் ஒரு பக்கம், குங்குமப் பாக்கெட் எண்ணெய் டின்னுக்கு அடியில். மனுஷியால் பார்த்துக்கொண்டு சும்மா வர முடியுமா? ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றினேன். தாம்பூலப் பையைப் பத்துப் பத்தாக அடுக்கினேன். மொய்க் கவரைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் லேபிள் எழுதி ஒட்டினேன், ஆங்கிலத்தில், கான்வென்ட் கையெழுத்தில், சரிவாக. திரும்பப் பூட்டிவிட்டு வந்து பன்னீர் தெளித்தேன்.

அப்புறம் சொர்ணம் திறந்து பார்த்திருக்கிறாள். சமையல்காரர் ஆட்கள் அடுக்கி வைத்ததாக நினைத்தாளாம். சரிந்த எழுத்தில் ஆங்கில லேபிள் எழுதுகிற சமையல்காரர்! அவள் மூளை அவ்வளவுதான்.

மறுநாள் காலை முகூர்த்தம். ஏழரைக்கு முடிகிறது. மணி ஏழு பத்து, தாலி இருந்த எவர்சில்வர் டப்பா உக்கிராண அறைக்குள். பத்திரமாக இருக்கட்டும் என்று இவளே வைத்தது. சாவி எங்கே? முகூர்த்தப் புடவைக்கு மாறின மகராசி, பழைய புடவையை ஊக்கும் சாவியுமாகச் சுருட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். பெட்டி காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது. போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறார். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசிக்கிறார். யாரோ சுத்தியலைக் கொண்டுவந்தார்கள். "நல்ல காரியத்துல பூட்டை உடைக்கறதா? என்ன குடும்பம் இது?" என்று மாப்பிள்ளையின் அத்தை ஆரம்பித்துவிட்டாள். சொர்ணம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள், பட்டுப்புடவையோடு.

நான் போனேன். இடது கையில் பன்னீர்ச் சொம்பு அப்படியே இருக்கிறது. அதைக் கீழே கூட வைக்கவில்லை. வலது கையால் ஒரு திருப்பு.

கையைத் தட்டினார்கள், தேன்மொழி. நிஜமாகவே தட்டினார்கள். ஏழு இருபத்திரண்டுக்குத் தாலி ஏறியது. யாரால்?

நாலு துளை பட்டன் இங்கே, ரெண்டு துளை இங்கே. சின்ன ஹூக்கை எங்கே போடுவது, இந்த மெஷின் டிராயரில் வைக்கலாமே. பூட்டியிருக்கிறதா? சாவி சமையலறையில் இருக்கிறதா? நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள், உட்காருங்கள்... இதோ. பார்த்தீர்களா, சின்னச் சாவி. ஏன் உங்கள் முகம் இப்படி ஆகிறது? நான் உள்ளே பார்க்கவில்லை. ஒரு பாஸ்புக், ஓர் ஆளுடைய பழைய போட்டோ, ரெண்டு மாத்திரை அட்டை, அதில் ஒன்று போன வருஷமே காலாவதி. பார்க்கவே இல்லை. மூடிவிட்டேன். சரி, ஹூக் டப்பாவிலேயே இருக்கட்டும்.

எங்கே விட்டேன்? கை தட்டினார்கள்.

பந்தி முடிந்து எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது அதே பேச்சு. "அந்தச் சாவியை இன்னொரு தடவை காட்டுங்க பெரியம்மா." காட்டினேன். மூணாம் நம்பர் ரூம் பூட்டு, திறந்தது. மானேஜர் மேஜை, திறந்தது. மாப்பிள்ளைத் தோழன் ஒருத்தன் சூட்கேஸைக் கொண்டுவந்து நீட்டினான், அதுவும். சம்பந்தி மாமா, "நீங்க சி.பி.ஐ.ல இருக்க வேண்டியவங்கம்மா" என்றார். சொர்ணம் மட்டும் சிரிக்கவில்லை. லேபிள்களைக் கையில் உரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, அப்ப நேத்தே நீங்க உள்ள போனீங்களா?" என்றாள். ஆமாம், இப்போதாவது புரிந்ததே என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் சொன்னேன். முப்பது வருஷமாக என் வீட்டில் என்னிடம் திறக்காத பூட்டு ஒன்று கிடையாது என்று. பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லக் கூடாதா?

இந்துஜா எனக்கு எதிரே ஐஸ்கிரீம் கப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாப் பூட்டுமா மம்மி?"

"எல்லாந்தான்."

"என் பச்சை பீரோ?"

"அது ரொம்ப சுலபமாச்சே" என்றேன்.

ஐஸ்கிரீம் உருகி அவள் மணிக்கட்டில் வழிகிறது. துடை என்று கர்ச்சீப்பை நீட்டினேன். வாங்கவில்லை. "அந்தப் பின்கோடு, அது நீதானா?" என்றாள்.

நீ என்றாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை நீங்க என்றுதான் சொல்லப் பழக்கியிருக்கிறேன். நாற்பது பேர் பார்க்க, நீ.

பின்கோடு என்ன என்றுதானே பார்க்கிறீர்கள். எட்டு வருஷத்துப் பழைய குப்பை. காலேஜ் கடைசி வருஷம், விமானத்தில் பணிப்பெண் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். எங்களுக்குத் தெரியாமல். சென்னையில் இன்டர்வியூ என்று லெட்டர் வந்து, அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் செயினில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். கழுத்தில் சாவி மாட்டுகிறவர்களை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். குளிக்கப் போனாள், திறந்தேன். என் பெண் ஆகாயத்தில் போய் கண்டவனுக்கும் தட்டு நீட்டுவதா? அதற்கா பிரெஞ்சு எல்லாம் படிக்க வைத்தேன்? லெட்டரோடு ஒரு ஃபாரம், பூர்த்தி செய்து வைத்திருந்தாள். அட்ரஸில் பின்கோடு தப்பு. கடைசி ரெண்டு எண்ணை மாற்றி எழுதியிருந்தாள். பென்சிலால் திருத்தி வைத்தேன். போக விடப் போவதில்லை, அது வேறு. ஆனால் தப்போடு ஒரு காகிதம் என் வீட்டில் இருக்கக் கூடாது இல்லையா?

இன்டர்வியூ அன்றைக்கே பெண் பார்க்க ஒரு கூட்டத்தை வரச் சொன்னேன். இந்த மாப்பிள்ளை இல்லை, இவர் பிரசன்னா அப்புறம் அவளே பார்த்துக்கொண்டது. அது வேறு யாரோ, பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். பஸ் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் சொன்னா உங்களுக்கு?" என்று அழுதாள்.

"உன் சிநேகிதியைக் கேள்" என்றேன்.

பிரிசில்லா என்று ஒருத்தி, எல்.கே.ஜி.யிலிருந்து கூடவே. அந்த லெட்டரைப் பார்த்திருந்தவள் அவள் ஒருத்திதான். ஃபாரத்தைக் கூட ரெண்டு பேருமாக உட்கார்ந்துதான் எழுதினார்களாம். அதனால் பென்சில் திருத்தம் அவளுடையது என்று இவள் நினைத்துக்கொண்டாள். நான் பொய் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. கேள் என்று மட்டும்தான் சொன்னேன். கேட்கச் சொன்னது பொய்யா? இவள் போய்க் கேட்டாள். அந்தப் பெண் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, மாதா மேல் சத்தியம், நான் சொல்லலை இந்து, நான் சொல்லலை என்று ஒரு மணி நேரம் அழுதுவிட்டுப் போனாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவள் கதவைத் திறக்கவில்லை. அதோடு சரி.

ஒரு சிநேகிதி போனால் இன்னொருத்தி. இதோ, நீங்கள் இல்லையா?

மண்டபத்திலேயே கேட்டாள். "படியில உட்கார்ந்து அவ அழுதாளே, உள்ளதானே இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எட்டு வருஷம். எட்டு வருஷத்துல ஒரு நாளாவது?"

ஒரு நாளாவது! தினமும் இதே நினைப்பாகவா இருப்பார்கள்? வீட்டில் வேலை இல்லையா?

"அந்தச் சாவியைக் கொடு" என்று கையை நீட்டினாள். எல்லாரும் பார்க்கிறார்கள். சற்று முன் கை தட்டின அதே ஜனங்கள். அப்படியே கொடுத்துவிட முடியுமா? "இது எங்க அப்பா கடைச் சாவி, உனக்கு எதுக்கு?" என்றேன். அவள் கப்பைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். ஆறு மாசம்.

அந்தப் பிரிசில்லாவின் நம்பரை எங்கேயோ தேடிப் பிடித்து, அரைப் பக்கத்துக்கு மன்னிப்பு எழுதி அனுப்பினாளாம். மாப்பிள்ளை பிரசன்னா என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு என்ன வந்தது தெரியுமா? ஒரு கட்டைவிரல் படம். இவள் ரெண்டு நாள் அழுதாளாம். அந்த சிநேகிதத்தின் லட்சணம் தெரிந்ததல்லவா? இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். என் பீரோவை எவளாவது திறந்து பார்க்கட்டுமே, நான் கேட்கப் போகிறேனா? நான் பூட்டியதே கிடையாது. ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இவர் பேப்பரை மடித்து வைத்தார். "ஒளிச்சு வைக்கற மாதிரி ஆசையா ஒண்ணுகூட உன்கிட்ட இல்லாம போச்சே கௌரி" என்றார். முப்பது வருஷத்தில் அவர் பேசின மிக நீளமான வாக்கியம் அதுதான். பேசாமலே இருந்திருக்கலாம்.

சொர்ணம்தான் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, இந்துவுக்கு அஞ்சாம் மாசம். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னா. எனக்கு மனசு கேக்கல." யார் வாயால் தெரிய வேண்டியிருக்கிறது பாருங்கள். என்னோடு அவள் சண்டை போட்டிருந்தால் கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். நல்லவளாம்.

போன் அடிக்கிறது. அவள்தானே? பேசுங்கள், பேசுங்கள். நான் கேட்கவில்லை.

... ... 

"ம், உட்கார்ந்திருக்காங்க இந்து" என்றீர்கள். "இல்ல, நல்லாத்தான் இருக்காங்க" என்றீர்கள். அப்புறம் ஜன்னல் பக்கம் போய், "சரி, நானே போய் போடறேன்" என்றீர்கள். என்ன போடுகிறீர்கள்?

ஓ.

அவள் வர ஏழு ஆகுமா. என்னை உள்ளே விடச் சொன்னாளா. விடச் சொன்னாளா? சரி. அவளே சொன்னாளா, நீங்கள் கேட்டதால் சொன்னாளா? சரி, சரி. எப்படியோ.

அப்படியானால் நம்பர் உங்களுக்குத் தெரியும். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவீர்களா. பார்சல் வந்தால் உள்ளே வைப்பீர்களா. இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்குமா உங்களுக்கு? எட்டு மாசமா? ம். இந்த ஒரு மணி நேரமாகத் தெரிந்துகொண்டேதான் ஹெம்மிங் செய்துகொண்டிருந்தீர்கள். மூச்சு விடவில்லை. கெட்டிக்காரி. தப்பாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். நானாக இருந்தால் பத்தாவது நிமிஷமே சொல்லியிருப்பேன்.

என் பையை நானே எடுத்துக்கொள்கிறேன். ஊறுகாய் பாட்டில் இருக்கிறது, சாய்க்காதீர்கள். பட்டன் டப்பாவை அப்படியே வையுங்கள், மறுபடி கலந்துவிடாதீர்கள்.

நில்லுங்கள். இந்தாருங்கள், இந்த மூன்றையும் பிடியுங்கள். அவளிடம் கொடுக்கத்தான் கொண்டுவந்தேன். வந்து பார்த்தால் அவள் கதவில் ஒரு சாவித் துவாரம் கூட இல்லை, எங்கே பார்த்தாலும் பொத்தான். நீங்களே கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்தால் நாடகம் என்பாள். என்ன சொல்லிக் கொடுப்பதா? ஒன்றும் சொல்ல வேண்டாம். சிநேகிதியைப் பற்றி மம்மி கேட்டாள் என்று... வேண்டாம். ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மூன்று தடவை என்ன போட்டேன் என்று அப்போதே கேட்டீர்கள். முதலில் அவள் பிறந்தநாள். அப்புறம் அவள் கல்யாண நாள். மூன்றாவது என் பிறந்தநாள்.

மறக்காத நம்பரைத்தானே எல்லாரும் வைப்பார்கள். அதனால் போட்டேன்.

போடுங்கள். இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள், ஆமாம், அப்படித்தான். உங்கள் கை சின்னது, பாதி தெரிகிறது. வேண்டாம், நானே திரும்பிக்கொள்கிறேன். சுவரைப் பார்த்து நிற்கிறேன், வகுப்பில் நிறுத்தின மாதிரி. என்னை யாரும் நிறுத்தினதில்லை, ரோஸ்லியை நிறுத்துவார்கள். ம். அழுத்துங்கள்.

திறந்துவிட்டதா? திரும்பலாமா?

தேன்மொழி, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மொத்தம் ஆறு எண். மூன்றாவதும் நான்காவதும் ஒரே எண், விரல் நகரவில்லை, சத்தம் ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசி எண்ணுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று, அது கீழ் வரிசையில் இருக்கிறது. நான் வேண்டுமென்று கேட்கவில்லை. காது அப்படி.

அவள் வந்ததும் நம்பரை மாற்றச் சொல்லுங்கள். இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். நான் நாலு நாள் இருக்கப் போகிறேன்.